அப்பாவின் முழங்கால் அறுவை: ஈப்போவா, பினாங்கா, கோலாலம்பூரா?

கேள்வி: நான் செந்தூலில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் பேராக், பாகான் செராயில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 67 வயது, இனிப்புநீர் (நீரிழிவு) உண்டு. வலது முழங்கால் முழுக்கத் தேய்ந்துவிட்டது, மாற்று அறுவை செய்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று ஊர்களில் தனியார் மருத்துவமனைகளிடம் விலை கேட்டோம். கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் 9,000 வெள்ளி (ரிங்கிட்) வித்தியாசம். பினாங்கில் சொன்ன ‘பேக்கேஜ்’ இரண்டுக்கும் நடுவில். அப்பாவிடம் பழைய மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவக் காப்புறுதி, இருக்கிறது: அறைக்கு நாளுக்கு 150 வெள்ளி, ஆண்டுக்கு 60,000 வெள்ளி வரம்பு. ஏஜண்ட் புதிய கார்டுக்கு மாறச் சொல்கிறார். கோலாலம்பூரில் செய்தால் நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம். பினாங்குப் பெருநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அக்கா அங்கே கூட்டிவரச் சொல்கிறார். ஒரே அறுவைக்கு ஊருக்கு ஊர் ஏன் இவ்வளவு வித்தியாசம்? எங்கே செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் அக்கா சொல்வதுதான் சரி. அதற்குக் காரணம் விலை மட்டுமல்ல.

முதலில் அந்த 9,000 வெள்ளியைப் பிரித்துப் பார்ப்போம். தனியார் மருத்துவமனை பில்லில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று டாக்டர்களின் கட்டணம்: அறுவை செய்பவர், மயக்க மருந்து கொடுப்பவர், வார்டில் வந்து பார்ப்பவர். இதற்கு நாடு முழுவதும் ஒரே உச்சவரம்பு. 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ் வந்த 2006 விதிமுறைகளில், 13ஆவது அட்டவணை ஒவ்வொரு சிகிச்சைக்கும் டாக்டர் அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம் என்று சொல்கிறது. 2013இல் ஒருமுறை அந்தத் தொகைகளை உயர்த்தினார்கள். நிபுணரை முதல்முறை பார்க்க 80 முதல் 235 வெள்ளி, மறுமுறை பார்க்க 40 முதல் 105 வெள்ளி என்று பல மருத்துவமனைகள் எழுதிப்போட்டிருப்பது அதிலிருந்து வந்ததுதான். கோலாலம்பூர் பங்சாரில் இருக்கும் எலும்பு நிபுணருக்கும் ஈப்போவில் இருப்பவருக்கும் உச்சவரம்பு ஒன்றே.

இரண்டாவது பகுதி மருத்துவமனையின் கட்டணம்: அறை, அறுவைக்கூடம், தாதியர் சேவை, மருந்து, ஊசி முதல் பஞ்சு வரையிலான பொருள்கள், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, உங்கள் அப்பாவுக்குப் பொருத்தப்போகும் செயற்கை மூட்டு. இதற்கு அந்த மாதிரி உச்சவரம்பு இல்லை. ஊருக்கு ஊர் விலை மாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஆகவே ‘எந்த ஊர் டாக்டர் மலிவு’ என்று விசாரிப்பதில் பயன் குறைவு. மூன்று மதிப்பீட்டிலும் மருத்துவமனைப் பகுதி எவ்வளவு, அதில் செயற்கை மூட்டு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். சிகிச்சைக்கு முன் உத்தேசச் செலவைத் தெரிந்துகொள்வதும், பிறகு வரி வரியாகப் பிரித்த பில்லைக் கேட்பதும் நோயாளியின் உரிமை. கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை.

இடத்தின் விலை, ஆள் சம்பளம், அறுவைக்கூடம் வாரத்தில் எத்தனை நாள் நிரம்புகிறது என்பதெல்லாம் இந்தப் பகுதியைத் தீர்மானிக்கின்றன. போட்டியும் முக்கியம். பினாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னத் தீவு, ஆனால் தனியார் மருத்துவமனைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. இந்தோனேசியாவின் மேடானிலிருந்தும் சுமத்ராவின் மற்ற ஊர்களிலிருந்தும் வரும் நோயாளிகளில் பலர் கையில் ரொக்கத்தோடு நான்கு இடத்தில் விலை கேட்டுவிட்டு முடிவு செய்பவர்கள். அவர்களுக்காகத்தான் பேக்கேஜ் விலை அங்கே இவ்வளவு பரவியிருக்கிறது. லாபநோக்கமில்லாத லாம் வா ஈ, அட்வெந்திஸ்ட் போன்றவையும் அதே சந்தையில் இருக்கின்றன. ஈப்போவிலும் பாத்திமா மருத்துவமனை அந்த வகை. கோலாலம்பூரில் துங் ஷின், பெட்டாலிங் ஜெயாவில் அசுந்தா. ‘லாபநோக்கமில்லை’ என்பதால் விலை கட்டாயம் குறைவாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஆனால் மதிப்பீடு வாங்கும் பட்டியலில் அப்படி ஒன்றாவது இருக்கட்டும்.

பெரிய மாநிலம் என்றால் உள்ளுக்குள்ளேயே விலை மாறுவது நமக்கு மட்டும் உரியதல்ல. கலிஃபோர்னியாவின் வடபகுதியில் மருத்துவமனை விலை தென்பகுதியைவிடக் கணிசமாக அதிகம். வடக்கே சில பெரிய குழுமங்களின் கையில் மருத்துவமனைகள் குவிந்ததே அதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அங்குள்ள சட்டர் ஹெல்த் குழுமம், போட்டியைத் தடுத்ததாக எழுந்த வழக்கில் தவற்றை ஒப்புக்கொள்ளாமலே 2019இல் 575 மில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அந்த மாநிலத்தின் காப்புறுதிச் சந்தை மாநிலத்தை 19 பகுதிகளாகப் பிரித்துப் பிரீமியம் கணக்கிடுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி மட்டுமே இரண்டு பகுதி.

நம் நாட்டு மெடிக்கல் கார்டுகள் பெரும்பாலும் அப்படிப் பிரிப்பதில்லை. வயது, பாலினம், தொழில், உடல்நிலை பார்த்துப் பிரீமியம் போடுவார்கள். பாகான் செராய்க்காரரும் பங்சார்க்காரரும் ஒரே வயதென்றால் கிட்டத்தட்ட ஒரே தொகை கட்டுகிறார்கள். பிரீமியம் நாடு முழுவதற்கும் பொது, கிடைக்கும் சேவையோ ஊரைப் பொறுத்தது. சிறிய ஊரில் இருப்பவர் தலைநகரத்து விலைவாசிக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறார் என்பது என் கருத்து. அதனால், கார்டின் வரம்பு அதிக நாள் தாங்கும் ஊரில் போய்ச் செய்துகொள்வதில் தவறே இல்லை.

இனி பேராக். சுமார் 21,000 சதுர கிலோமீட்டர். தீபகற்பத்தில் பகாங்குக்கு அடுத்த பெரிய மாநிலம். சுகாதாரக் கணக்கில் இதை ஒரே சந்தையாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கு ஒன்று. அங்கே ராஜா பெர்மைசூரி பைனுன் அரசாங்க மருத்துவமனையும், கே.பி.ஜே., பந்தாய், பாத்திமா போன்ற தனியார் மருத்துவமனைகளும் இருப்பதால் தேர்வு செய்ய இடமுண்டு. தெற்கே தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர் மக்களுக்கு ஈப்போவைவிடக் கோலாலம்பூரே பக்கம். மேற்கே தெலுக் இந்தான், மஞ்சோங். அங்கே அரசாங்க மருத்துவமனைகளில் நிபுணர்கள் இருக்கிறார்கள், தனியார் தேர்வு குறைவு. தெலுக் இந்தானுக்கு ரயிலும் இல்லை. கிரிக் பக்கம் இருப்பவர்களுக்கு எதுவானாலும் நீண்ட பயணம். உங்கள் பாகான் செராய் இருக்கும் கிரியான் மாவட்டமோ பேராக்கில் இருந்தாலும் பினாங்குப் பெருநிலத்தைப் பார்த்தே நிற்கிறது. கொமுட்டர் ரயில் பாகான் செராயில் நின்று, பாரிட் புந்தார், புக்கிட் மெர்தாஜாம் வழியாகப் பட்டர்வொர்த் போகிறது. ஈப்போ அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம்.

முழங்கால் மாற்று அறுவையில் மருத்துவமனையில் இருப்பது மூன்று முதல் ஐந்து நாள். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தையல் பார்க்க வேண்டும், ஆறாவது வாரம் ஒருமுறை, மூன்றாவது மாதம் ஒருமுறை, ஓராண்டில் ஒருமுறை. இடையில் முதல் ஆறு வாரம் வாரத்திற்கு இரண்டு மூன்று தடவை பிசியோதெரபி. முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியை அந்த வாரங்களில் விட்டுவிட்டால் மூட்டு இறுகிவிடும். அறுவை எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் அப்பா மாடிப்படி ஏறச் சிரமப்படுவார். கோலாலம்பூரில் செய்தால் இந்த ஆறு வாரமும் அவர் உங்களுடன் இருக்க வேண்டும். உங்கள் வீடு அடுக்குமாடியா, லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறதா, நீங்கள் வேலைக்குப் போனபின் பகலில் யார் இருப்பார்கள், கழிவறை உட்காரும் வகையா என்று முதலில் பாருங்கள். ‘பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்பது மாலை ஏழு மணிக்கு மேல் மட்டும்தான் என்றால், தரைவீட்டில் அம்மா, அரைமணி முக்கால்மணித் தூரத்தில் அக்கா என்று இருப்பதே அப்பாவுக்கு நல்லது.

புக்கிட் மெர்தாஜாம் பண்டார் பெர்டாவில் கே.பி.ஜே. மருத்துவமனை இருக்கிறது. செபராங் ஜெயாவில் 2022இல் சன்வே திறந்தது. பட்டர்வொர்த்தில் பாகான் ஸ்பெஷலிஸ்ட். தீவுக்குப் பாலம் தாண்டிப் போகத் தேவையில்லை. தொலைபேசியில் விசாரிக்கும்போது விலைக்கு முன் இதைக் கேளுங்கள்: எலும்பு நிபுணர் அந்த மருத்துவமனையில் நிரந்தரமாக இருப்பவரா, வாரத்தில் சில நாள் மட்டும் வருபவரா? வருபவர் என்றால், ஞாயிற்றுக்கிழமை இரவு காயத்தில் சீழ் கட்டினாலோ கெண்டைக்கால் வீங்கினாலோ யார் வந்து பார்ப்பார்? தீவிர சிகிச்சைக் கட்டில் அந்தக் கட்டடத்திலேயே இருக்கிறதா, வேறு ஊருக்கு அனுப்புவார்களா? இனிப்புநீர் உள்ள 67 வயதுக்காரருக்கு இந்தக் கேள்விகள் முக்கியம். சிறிய மருத்துவமனை மலிவாக இருப்பதற்கு இதுவே காரணமாக இருந்தால் அந்தச் சேமிப்பு வேண்டாம்.

உங்களிடம் உள்ள மூன்று மதிப்பீடும் ஒரே பொருளுக்கான விலையா என்பதும் சந்தேகம். ஒன்றில் செயற்கை மூட்டு சேர்ந்திருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒன்று ரோபோ உதவியோடு செய்வது, மற்றொன்று சாதாரண முறை. ஒருவர் தனியறைக்குச் சொல்லியிருப்பார், ஒருவர் நான்கு கட்டில் அறைக்கு. பேக்கேஜில் வழக்கமாகச் சேராதவை இவை: கூடுதல் நாள்கள், தீவிர சிகிச்சை, ரத்தம், இனிப்புநீரைக் கவனிக்கவோ இதயத்தைப் பார்க்கவோ வரும் வேறு நிபுணர்கள், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மருந்து, நடைச்சட்டம், வெளிநோயாளியாக வரும் பிசியோதெரபி. உங்கள் அப்பா விஷயத்தில் வேறு நிபுணர் வந்து பார்ப்பது நிச்சயம் நடக்கும். ஆகவே மூவரிடமும் ஒரே வாசகத்தை எழுதி அனுப்புங்கள்: வலது முழங்கால் மட்டும், முழு மாற்று, எந்த நிறுவனத்தின் எந்த வகை மூட்டு, 150 வெள்ளிக்கு உட்பட்ட அறை, நான்கு இரவு, இனிப்புநீர் உண்டு. பதிலை மின்னஞ்சலில் கேளுங்கள். அப்போது 9,000 வெள்ளி வித்தியாசம் நிற்கிறதா, 3,000 ஆகிறதா என்று தெரிந்துவிடும்.

கார்டுக்கு வருவோம். மருத்துவமனை பேனலில், அதாவது காப்புறுதி நிறுவனம் ஏற்றுக்கொண்ட பட்டியலில், இருந்தால் மட்டும் போதாது. அந்த எலும்பு நிபுணரும் பேனலில் இருக்க வேண்டும். இரண்டையும் கார்டின் பின்னால் உள்ள எண்ணில் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். திட்டமிட்ட அறுவைக்கு ஜி.எல். எனும் உத்தரவாதக் கடிதத்தை முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். முதலில் தரும் ஜி.எல். ஒரு தொடக்கத் தொகைக்குத்தான். வீடு திரும்பும் நாளில் இறுதி ஜி.எல். வரச் சில மணி நேரம் காத்திருக்க நேரும், காப்புறுதி ஏற்காத தொகையை அப்போது கையிலிருந்து கட்ட வேண்டும். 150 வெள்ளிக்கு மேற்பட்ட அறையில் தங்கினால் சில பாலிசிகள் அறை வித்தியாசத்தோடு விடாது. மொத்தப் பில்லில் 10 அல்லது 20 விழுக்காட்டை உங்கள் தலையில் வைக்கும். கோலாலம்பூரில் 150 வெள்ளிக்குள் பெரும்பாலும் பலர் பகிர்ந்துகொள்ளும் அறைதான் கிடைக்கும். ‘ஒரே ஒரு நாள் தனியறை’ என்று ஆசைப்பட்டுப் பில்லைப் பார்த்துத் திகைத்தவர்கள் நிறைய. பாலிசிப் புத்தகத்தில் அறை மாற்றம் பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள்.

அறுவைக்கு முந்தைய பரிசோதனைகளையும், பிந்தைய சிகிச்சையையும் குறிப்பிட்ட நாள்கள் வரை பல கார்டுகள் ஏற்கின்றன. எத்தனை நாள் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். பிசியோதெரபிக்கு அறுவை செய்த டாக்டரின் கடிதம் தேவைப்படும். இடது முழங்காலும் தேய்ந்திருந்தால் அதை அடுத்த பாலிசி ஆண்டுக்குத் தள்ள முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 60,000 வெள்ளி வரம்பு ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகத் தொடங்கும். ஆயுள்கால வரம்பு ஒன்று தனியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏஜண்ட் சொல்வதை இப்போது கேட்காதீர்கள். 2024 செப்டம்பர் முதல் காப்புறுதி நிறுவனங்கள், நோயாளியும் ஒரு பங்கு கட்டும் கார்டுகளை விற்பனைக்கு வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி. அந்தப் பங்கு குறைந்தது 5 விழுக்காடு, அல்லது முதலில் நாமே கட்டும் 500 வெள்ளி. பிரீமியம் குறையும், உண்மைதான். ஆனால் அதை வாங்கியே ஆகவேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை. 67 வயதில், இனிப்புநீரும் டாக்டர் ஏற்கெனவே எழுதிவைத்த முழங்கால் தேய்மானமும் உள்ளவருக்குப் புதிய கார்டு இவற்றை விலக்கியே வரும். புதிய கார்டு என்றால் பொதுவாக 30 நாளும், குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாளும் காத்திருப்புக் காலம் வேறு. பிரீமியம் ஏறிவிட்டது என்பது கவலையானால், 2024 டிசம்பரில் அறிவித்த இடைக்கால ஏற்பாடு இன்னும் நடப்பில் உள்ளதா என்று காப்புறுதி நிறுவனத்திடமே கேளுங்கள். உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுக்குப் பரப்ப வேண்டும் என்றும், 60 வயதோ அதற்கு மேலோ ஆகி, ஆகக் குறைந்த திட்டத்தில் இருப்போருக்கு ஓராண்டு நிறுத்தி வைக்க வேண்டும் என்றும் அதில் உள்ளது. நிறுவனத்துடன் பேசித் தீராவிட்டால், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தைகளுக்கான ஒம்புட்ஸ்மன் சேவை, அதாவது வாடிக்கையாளர் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அமைப்பு, உங்கள் புகாரை எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒரு வழியும் உண்டு: தைப்பிங் அரசாங்க மருத்துவமனை. பாகான் செராயிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அரசாங்க கிளினிக்கின் கடிதத்தோடு போனால் நிபுணரை முதல்முறை பார்க்க 5 வெள்ளி, தனியார் கிளினிக் கடிதம் என்றால் 30 வெள்ளி. அதனால் பாகான் செராய் அரசாங்கக் கிளினிக்கில் இனிப்புநீர் மருந்து வாங்கும் நாளிலேயே கடிதம் கேட்கச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 வெள்ளி, மூத்த குடிமக்களுக்குச் சலுகையும் உண்டு. ஆனால் செயற்கை மூட்டின் விலை பொதுவாக நம் பொறுப்பு, அது ஆயிரக்கணக்கில் வரும். கட்ட முடியாதவர்கள் மருத்துவமனையின் சமூகநலப் பிரிவு வழியாகத் தாபுங் பந்துவான் பெருபாத்தான் நிதிக்கு விண்ணப்பிக்கலாம், பொருளை வாங்குவதற்கு முன்பே. இந்த வழியின் விலை காத்திருப்பு. எத்தனை மாதம் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடும். முதல் சந்திப்பிலேயே அறுவைப் பட்டியலின் நீளத்தைக் கேட்டுவிடுங்கள். கார்டு வைத்திருப்பதால் அங்கே போகக்கூடாது என்றில்லை. அரசாங்க மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு ஒரு தொகை கொடுக்கும் கார்டுகளும் உண்டு.

இவை எல்லாம் திட்டமிட்ட அறுவைக்குத்தான். நெஞ்சுவலி, பக்கவாதம் என்றால் விலையும் பேனலும் மாநில எல்லையும் பார்க்காமல் 999க்கு அழைத்து, அருகிலிருக்கும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அப்பாவைப் பினாங்கில் பார்க்கிறோம் என்பதற்காக அம்மா அந்த நேரத்தில் காரை வடக்கே திருப்பச் சொல்லிவிடக்கூடாது. இதை அம்மாவிடம் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

கையிலிருந்து போகும் பணத்துக்கு இரண்டு குறிப்பு. ஊழியர் சேமநிதியின் செஜாத்திரா கணக்கிலிருந்து பெற்றோரின் சிகிச்சைக்கும் பணம் எடுக்கலாம், ஆனால் அந்த நோய் அவர்களின் பட்டியலில் இருக்க வேண்டும். நிபுணரின் அறிக்கையை வைத்து முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள். வருமான வரியில் பெற்றோர் மருத்துவச் செலவுக்கு 8,000 வெள்ளி வரை கழிவு உண்டு. நீங்களும் அக்காவும் அவரவர் கட்டிய தொகைக்கு அவரவர் பெயரில் ரசீது வாங்கினால் இருவரும் கோரலாம். ஒருவரின் கிரெடிட் கார்டிலேயே எல்லாவற்றையும் தேய்த்துவிட்டுப் பிறகு பிரித்துக்கொள்வது இங்கே நஷ்டம். வீட்டுக்குக் கொடுக்கும் மருந்தை வெளிக் கடையில் வாங்கவும் சீட்டு எழுதிக் கேட்கலாம். 2025 மே 1 முதல் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பதால் ஒப்பிடுவது எளிது. அம்மாவோ அப்பாவோ குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையில் இன்னும் இருந்தால் மேலே சொன்ன அரசாங்கக் கட்டணங்கள் அப்படியே பொருந்தாமல் போகலாம், தனியாரில் சேவை வரியும் வரலாம். மதிப்பீடு கேட்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

நாள் குறிப்பதற்கு முன் அப்பாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை, அதாவது எச்.பி.ஏ.1சி.யைப் பாருங்கள். 8க்கு மேல் இருந்தால் பல நிபுணர்கள் அறுவையைத் தள்ளிவைப்பார்கள், காயத்தில் தொற்று வரும் ஆபத்து கூடும் என்பதால். பாதி வழியில் நாள் தள்ளிப்போனால் ஜி.எல்.லை மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். சொத்தைப் பல், காலில் ஆறாத புண் இருந்தால் அதையும் முதலில் முடிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவராக நிறுத்தக்கூடாது, எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்லட்டும். முதல் சந்திப்புக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரேக்களையும் கொண்டுபோங்கள். அப்பா படுத்த நிலையில் எடுத்தவை என்றால் நின்ற நிலையில் புதிதாக ஒன்று எடுக்கச் சொல்வார்கள், எடை தாங்கும்போதுதான் தேய்மானம் சரியாகத் தெரியும். அறுவை முடிந்து வீடு திரும்பும் நாளில் சிகிச்சைச் சுருக்கத்தோடு, பொருத்திய மூட்டின் பெயரும் எண்ணும் உள்ள ஸ்டிக்கரின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பிறகு தைப்பிங்கிலோ ஈப்போவிலோ யாராவது அந்தக் காலைப் பார்க்க நேர்ந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.